அந்தரத்தில் தொங்கிய எஞ்சின்

எஞ்சின் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, சங்கிலி இழுக்கிற ஆளின் கால்கள் மாறிவிட்டன.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மிக்கேலுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்தான். சற்று முன்வரை அங்கே அவர் மனைவி ஆரோக்கியம்மாளின் கால்கள் நின்றிருந்தன. உலை பொங்குது என்று ஓடினாள். போகிற போக்கில் தெருவில் யாரையோ கூப்பிட்டு, ஒரு கை பிடிக்கச் சொன்னது காதில் விழுந்தது.

வந்து நின்றவை தோல்செருப்பு போட்ட இரண்டு பெரிய கால்கள். இடது கட்டைவிரலில் நகம் இல்லை.

மிக்கேல் பெண் பார்க்க வந்த அன்று, அவர் ஓட்டி வந்த ஜீப் ஏறிப் போன நகம் அது. ஆரோக்கியம்மாளின் தம்பி ஆண்டனி ராஜ்.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வருஷக்கணக்காகிறது. ஆண்டனி ராஜின் மகள் அனிதா மேரிக்குச் சின்ன வயதில் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை கொடுத்த அன்று, விருந்தில் மிக்கேல் உட்கார்ந்த பந்தியில் பிரியாணி தீர்ந்துபோனது. அண்டாவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அவர் இலையில் தயிர்சாதத்தை வைத்தார்கள். அக்காள் புருஷனுக்குத் தயிர்சாதமா என்று எழுந்தவர்தான். அதற்குப் பிறகு எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டே, ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் முதல் பூசை, இவன் இரண்டாம் பூசை. புதுநன்மை வாங்கிய பிள்ளைக்கு இப்போது கல்யாணமே நிச்சயமாகிவிட்டது.

மேகமலை எஸ்டேட் ஒன்றில் டிரைவராக இருந்தவர் மிக்கேல். அங்கே ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த பழைய சீமை ஸ்போர்ட்ஸ் காரை, சின்னமனூர் வீட்டுக்குக் கட்டி இழுத்து வந்திருந்தார். இரண்டே சீட். கூரை கிடையாது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஒரு ஜிப்ஸி ஜீப்பின் எஞ்சினை உள்ளே உட்காரவைக்கத்தான் இந்தப் பாடு. காரைக் கற்கள்மேல் ஏற்றி, மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, அதில் எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார். அது இப்போது அவர் நெஞ்சுக்கு நேர்மேலே இருந்தது.

நகம் இல்லாத கால் மெல்லத் திரும்பியது. போகப் பார்க்கிறான்.

“செயினை விட்டா எஞ்சின் என் நெஞ்சுலதான் எறங்கும்,” என்றார் மிக்கேல், எஞ்சினைப் பார்த்து.

கால் நின்றது. மேலே சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது.



எஞ்சினை இறக்கியாக வேண்டும். வாய் திறக்காமல் இறக்க முடியாது. கொஞ்சம் இறக்கினால் தேவலை என்று மிக்கேல் கியர் பாக்ஸிடம் சொன்னார். எவ்வளவு என்று ஆண்டனி ராஜ் வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைக் கேட்டான். ஒரு விரற்கடை என்று ஆட்டுக்குப் பதில் போனது. இப்படியே கியர் பாக்ஸும் ஆடுமாகப் பேசிப் பேசி, எஞ்சின் பாதி தூரம் வந்துவிட்டது.

அப்போது ஆண்டனி ராஜின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மாதா பாட்டு முழுசாக ஓடி நின்றது. மறுபடியும் அடித்தது.

“சம்பந்தி வீட்டுல கூப்புடுறாக. எப்புடி எடுக்க, கைய விட முடியாதே,” என்றான். இந்தமுறை ஆட்டிடம் இல்லை.

“விட்டுறாத,” என்றார் மிக்கேல். கியர் பாக்ஸிடம் இல்லை.

கல்யாணப் பத்திரிகை ஆரோக்கியம்மாள் கைக்கு வந்திருந்தது. தன்னை நேரில் அழைக்கவில்லை, ஆகவே தான் போவதாக இல்லை என்று மிக்கேல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்தியிருந்தாள்.

“மச்சான்,” என்றது மேலே இருந்த குரல். “புதன்கெழம பிள்ளைக்குக் கல்யாணம். நீங்க வந்து முன்னால நிக்கணும்.”

மிக்கேலின் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் காதோரம் விழுந்தது. அதைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். காருக்கு அடியில் கிடப்பதில் ஒரு வசதி, முகத்தை யாரும் பார்க்க முடியாது.

“பிரியாணி பத்துமா?”

“மொத எல ஒங்களுக்குத்தான். அண்டாவ ஒங்க பக்கத்துலயே வைக்கச் சொல்றேன்.”

எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்தது. மிக்கேல் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பாரம் இறங்கிச் சங்கிலி தொளதொளவென்று ஆகியும், ஆண்டனி ராஜ் அதை விடவில்லை. மிக்கேலும் விடச் சொல்லவில்லை. அனிதா மேரிக்கு எந்த ஊர் மாப்பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். தொங்கும் சங்கிலியைப் பார்த்தாள். அதை இரண்டு கையாலும் பிடித்து நிற்கும் தம்பியைப் பார்த்தாள். காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புருஷனின் கால்களைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

செயின் பிளாக்கில் சங்கிலியை விட்டால் பாரம் கீழே வராது. விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். காலையில் இதே எஞ்சினை இதே உயரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் மிக்கேல் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஆண்டனி ராஜுக்கும் அது தெரியாமல் இல்லை. சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்களைத் தூக்கி இறக்குவதுதான் அவன் பிழைப்பு. அக்காள் முந்தின நாள் புறவாசல் வழியாக வந்து இரவல் வாங்கிப்போன அந்தச் செயின் பிளாக், அவனுடையது.