பலகையின் கீழ் மூலை

“பாதிக் கூலி போதுங்கய்யா. ஆனா பலகையோட கீழ் மூலையில என் பேரு இருக்கணும். அதப் பாத்துத்தான் நாலு பேரு வேலை குடுப்பாங்க. இத ஒரு துண்டுத் தாளுல எழுதிக் குடுத்துருங்க,” என்றான் கடைப் பெயர்ப்பலகை எழுதும் ஷேக் பரீது. 1956 தை மாதத்தில், குளத்தூரில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது.

பலகை எழுதச் சொன்ன ஆவுடையப்பன் சிரித்தார். “ஒனக்கும் எனக்கும் எதுக்குத் தம்பி எழுத்து? என் வாய் வார்த்தை போதாதா?”

மூன்று நாளில் பலகை முடிந்தது. ஓவியன் தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவான். அதனால் அதுதான் கடைசியாகக் காயும். ஆவுடையப்பன் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே இழுப்பில் இன்னும் காயாத அந்தப் பெயரைத் துடைத்தார்.

“ஏங்க அழிச்சீங்க? அன்னைக்குச் சம்மதிச்சீங்களே!” பரீது கத்தினான்.

“என் பலகையில ஒன் பேரு எதுக்கு? சம்மதிச்சேன்னு எழுத்து இருக்கா?”

பரீது பலகையைப் பிடுங்கித் தெருவைப் பார்க்கத் திருப்பினான்.

“எல்லாரும் இங்கிட்டு வாங்க! இவரு என்னைய எழுதச் சொன்னதச் சத்தமாப் படிங்க!”

கூடியவர்கள் படித்தார்கள்:

“ஆவுடையப்பன், பத்திரம் எழுதுபவர். வாய் வார்த்தையை நம்பி ஏமாறாதீர்!”