அடுத்த கப்பலுக்கு ஒரு டப்பா

கொச்சி கல்லூரி விடுதி. ஜன்னலோரம் மூத்த மாணவி முத்துபீ, தரையில் அறைத்தோழி நான், கட்டிலில் பூட்டிய பெட்டியோடு முதலாண்டு ஹலீமா. அவர்கள் இருவரின் லட்சத்தீவுக்கு மாலையில் கப்பல்; கடிதங்களும் அதில்தான் போகும். 'வந்து கூட்டிட்டுப் போங்க வாப்பா' என்று எழுதிய கடிதம் மடியில் கிடக்கிறது. பெட்டிமேல் உம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் அல்வா டப்பா, இன்னும் பிரிக்காமல். மழைவெயில் அதன் மூடியில் மினுங்குகிறது. "ஏண்டி, அழகு பார்க்கவா வச்சிருக்கே?" என்கிறாள் முத்துபீ. "தீந்துடும் இத்தா." "தீந்தாத்தானே அடுத்த கப்பல்ல வேற வரும்? நான் அப்படித்தான் மூணு வருஷம் ஓட்டிட்டேன்." துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. ஊதி அடங்கும்வரை ஹலீமா ஜன்னலையே பார்க்கிறாள். பிறகு மூடியைத் திறக்கிறாள். அறையெங்கும் வெல்ல வாசம். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வேறு தாளில் எழுதுகிறாள்: 'உம்மா, பெரிய டப்பாவா அனுப்பு. இங்கே மூணு பேர்.' மதியச் சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி என்னிடம் நீட்டுகிறாள். நான் கப்பல்துறைக்கு ஓடுகிறேன்.