சற்றுத் தள்ளி ஓர் ஊசி

ஆர்ச்வே என்ற நகர்ப்பகுதியில் ஒரு கிளினிக்கின் பின்னறை. ஜன்னலில் மதிய வெளிச்சம் சாம்பலாய் நிற்கிறது. ஹெரோயினை விட முயலும் ஆரணன் கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறான். கழுத்து வியர்த்திருக்கிறது. அவன் காதில் அஜந்தா மெல்லிய ஊசிகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறாள். அக்குபங்சர் போதைப்பழக்கத்தை நிறுத்துமா என்று பார்க்கும் பரிசோதனை இது. பாதிப் பேருக்குச் சரியான புள்ளியில் ஊசி; மீதிப் பேருக்குச் சற்றுத் தள்ளி, வெறும் இடத்தில். யாருக்கு எது என்பது ஊசி போடுபவளுக்குத் தெரியும், போட்டுக்கொள்பவனுக்குத் தெரியாது. ஆரணனுக்குத் தள்ளித்தான்.

"அக்கா, எனக்குப் போடுறது உண்மையான இடமோ?"

"அதை நான் சொல்லேலாது, தம்பி. ஆடாமல் இரும்."

"சும்மா எண்டால் சொல்லிப்போடுங்கோ. சாமான் குடுக்கிறவன் வெளியிலதான் நிக்கிறான். நான் எழும்பிப் போறன்."

தெருவில் ஒரு காரின் ஹார்ன் இருமுறை ஒலிக்கிறது. அவன் தலை கதவுப் பக்கம் திரும்புகிறது. கடைசி ஊசி அஜந்தாவின் விரல்களுக்கிடையில் நிற்கிறது. சரியான புள்ளி ஓர் அரிசி நீளத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே குத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை; ஆனால் பரிசோதனை பொய்யாகிவிடும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியைத் தள்ளியே இறக்குகிறாள்.

ஆரணனின் கண்கள் மெல்ல மூடுகின்றன.

"இது உண்மையான இடம்தான், அக்கா. எனக்குத் தெரியுது."

அஜந்தா இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு அவனருகில் உட்கார்கிறாள்.