நனையாத அண்ணன்

எங்கள் நாட்டு எழுத்தை உருவாக்கிய சகோதரர்களின் சிலைகளை, மே மாத விழாவுக்கு முன் கழுவிவிடுவது ருமியானாவின் வேலை. அன்று விடியும்வரை மழை. சதுக்கமே நனைந்து கிடந்தது. தம்பி சிரிலின் தாடியில் நீர் சொட்டியது. அண்ணன் மெதோதி மட்டும் துளிகூட நனையாமல் நின்றார்.

"அண்ணனாச்சே, குடையை அவரே வச்சுக்கிட்டாரு போல. பாவம் சின்னவரு," என்றான் ஏணியைப் பிடித்திருந்த பென்யோ.

ருமியானா சிரித்துக்கொண்டே கழுவி முடித்தாள்.

மதியம் வீட்டில், மகள் யோவானா சூப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, ராத்திரி ஒரு தாடித் தாத்தா என் கையைப் புடிச்சு எழுதக் கத்துக்குடுத்தாரு. அவர் கை ஜில்லுனு இருந்துச்சு. மறுபடி மழை வந்தா தம்பியையும் கூட்டிட்டு வருவாராம்."

ருமியானா கதவைத் தாழிட்டாள். சன்னல்களையும்.

சாயங்காலம் கூரையில் முதல் துளி விழுந்ததும், யோவானா எழுந்துபோய்த் தன் மேசையருகே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.