நான்காவது நீலம்

இன்று மூன்றாம் முறையும் கம்ப்யூட்டர் திரை நீலமாகிவிட்டது என்று அக்கா படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

அவன் கைகள் மணிக்கட்டு வரை மாவில் இருந்தன.

போன் டால்டா டின்னில் சாய்ந்து நின்றது. மூக்கு நுனியால் மைக்கைத் தொட்டான். சத்தமாகப் பேசினான். பேசியது எழுத்தாகி மலேசியாவின் ஈப்போவில் ஒரு ரொட்டிக்கடையிலிருந்து தருவைக்குளத்துக்குப் போனது.

“அக்கா, கரண்ட ஆஃப் பண்ணு. பெட்டியத் திற. உள்ள ரெண்டு பச்சைப் பட்டை நிக்கும், அதான் ரேமு. ரெண்டையும் கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்ல அழிரப்பர் வச்சுத் தேய்.”

அனுப்பிய பிறகுதான் பார்த்தான். பின்னால் யாரோ கொடுத்த ஆர்டரும் சேர்ந்து போயிருந்தது.

அக்கா எழுதினாள்: ‘ரப்பர் இருக்கு. ரெண்டு ரொட்டி, ஒரு டீய எங்கலே செருகணும்?’

பவுலின் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. போனில் பேசிச் சொல்ல முடியாது.

அவளிடம் எட்டுக் கல்யாணங்கள் இருந்தன.

ஸ்டூடியோ வேலையை விட்டு, ஆல்பம் வடிவமைப்பை வீட்டிலேயே தொடங்கி நாலு மாதம். படம் எடுத்தவர்கள் கேமரா கார்டை அழித்துவிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். எட்டுக் குடும்பங்களின் தாலி கட்டும் நேரம் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அது ஒரு வாரமாகத் திரை நீலமாகி நின்று நின்று விழுந்தது. டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடலாம் என்றவன் அவன்தான். ரொட்டி வீச வருவதற்கு முன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவன்.

கல்யாணங்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வை என்றும் சொல்லியிருந்தான். நேற்றே எடுத்துவிட்டாள். படமும் அனுப்பினாள். அவன் ‘சரி’ போட்டான்.

“என்னடா, மாவுகிட்ட பேசிட்டு இருக்க?” கல்லாவிலிருந்து காதர் பாய். “அக்காகிட்ட, பாய்.” “கைய நிறுத்தாம பேசு. மாவுக்குக் காது கேக்கும்.”

அடித்தான். உருட்டினான். வீசினான்.

போன் ஒளிர்ந்தது.

இந்த முறை நீலம் வரவில்லை. டிஸ்க்கின் பெயர் தெரிந்தது. கீழே, ஃபார்மட்.

‘அமுக்கவா?’

“அமுக்கு.”

‘எல்லாம் போயிரும்னு போட்ருக்கு.’

“அதான் பென் டிரைவுல இருக்கேக்கா. அமுக்கு.”

மைக்கிலிருந்து மூக்கை எடுக்கும்போது திரை வழுக்கி மேலே போய்விட்டது. நேற்றைய படத்தில் வந்து நின்றது.

பென் டிரைவ். எட்டு மஞ்சள் பெட்டிகள். எட்டு ஜோடிகளின் பெயர்கள்.

ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி வளைந்த அம்பு.

முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

அம்பு இருந்தால் அது கல்யாணம் இல்லை. கல்யாணம் இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் பலகை. அவள் முகப்புத் திரையில் இருந்த பலகைகளைப் பிடுங்கிப் பென் டிரைவில் நட்டிருக்கிறாள்.

கல்யாணங்கள் இன்னும் டிஸ்க்கில்தான்.

“அக்கா அமுக்காத! அமுக்காதக்கா!”

ஒற்றை டிக். அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

மாவு விரலால் வீடியோ அழைப்பைக் குத்தினான். மணி கேட்காது. மேசை அதிர்ந்தால் தெரியும். ஐந்து. ஆறு. ஏழு.

முகம் வந்தது.

அவன் இரண்டு கைகளையும் வெடுக்கென இழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டான். அடுப்பைத் தொடாதே என்று சின்ன வயதில் அவள் அவனுக்குக் காட்டிய சைகை. பனியனெல்லாம் மாவு.

அக்கா மௌஸைக் காட்டினாள். ஒரு விரலை மடக்கிக் காட்டினாள்.

அமுக்கிவிட்டாள்.

பிறகு போனைத் திருப்பினாள்.

திரை நீலமாக இருந்தது.

அமுக்கிய நொடியே விழுந்திருக்கிறது. அழிக்கத் தொடங்கியதா, அதற்கு முன்பேவா, தெரியாது. ஒரு ரேமை மட்டும் கழற்றச் சொன்னான். விண்டோஸ் போடச் செருகியிருந்த இன்னொரு பென் டிரைவையும் பிடுங்கச் சொன்னான். சைகை போதாத இடங்களில் கத்தினான். கத்தியது அவளுக்கு எழுத்தாகப் போனது.

கறுப்புத் திரை.

கல்லில் ஒரு ரொட்டி கருகியது. காதர் பாய் எழுந்து வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். சட்டுவத்தை எடுத்து அவரே ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

பழைய விண்டோஸ் எழுந்தது.

அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். முதல் கல்யாணம். இரண்டாவது. எட்டாவதில் ஒரு மாப்பிள்ளை தும்மிக்கொண்டிருந்தான்.

எட்டும்.

கெட்டது டிஸ்க்கே இல்லை. அந்த ஒரு ரேம். அழிக்கவே வேண்டியிருக்கவில்லை.

முழங்கையால் கண்ணைத் துடைத்தான். நெற்றியில் மாவு அப்பியது. அக்கா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். பிறகு இரண்டு கைகளையும் அவனைப் பார்த்துக் குவித்தாள். அழைப்பு முடிந்தது.

எழுத்து வந்தது.

‘நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கு என் கதி என்னலே ஆயிருக்கும்.’

அடுத்து ஒரு படம். அவள் உள்ளங்கையில் பச்சைப் பட்டை. பற்கள் ரப்பர் தேய்த்ததில் பளபளத்தன.

‘இந்தக் கெட்ட சனியனக் குப்பையில போட்ரவா?’

அவன் மூக்கு மைக்கின் பக்கம் போனது.

திரும்பிப் பார்த்தான். காதர் பாய் சட்டுவத்தோடு நின்றார். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். மேசைகளில் நாலு பேர். அவளைத் தவிர எல்லோருக்கும் கேட்கும்.

மைக்கைத் தொட்டான்.

“போடாதக்கா. உன்னக் காப்பாத்துனது நான் இல்ல, அந்தச் சனியன்தான். பத்திரமா வை. நேத்து நீ அனுப்பின போட்டோவ நான் சரியாப் பாக்காமலே…”

குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.