எரியாத ராணி

தையற்கடையின் வெட்டும் மேசையில், யாருடைய கோட்டுக்கோ வந்த கறுப்புத் துணி விரிந்து கிடக்கிறது. அதன்மேல் சாக்பீஸால் கோட்டை, கடல், மலைப்பாதை. பொத்தான்கள் அரசர்கள், ஊக்குதான் டிராகன். ஏழு பாகக் கதையின் மூன்றாம் பாகத்தில் எரிந்துபோன ராணி, ஐந்தாம் பாகத்தில் எப்படி அரியணையில் இருக்கிறாள் என்று தையல்காரி தன் நாத்தனாருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். ராணி ஒரு சிவப்புப் பொத்தான். ஜன்னல் வெயில் பட்டு அது கனல்போல் மின்னுகிறது. நாத்தனார் கைப்பேசியிலிருந்து நிமிர்கிறாள். "விடுங்க அண்ணி. அவ செத்ததை மறந்துபோய் எழுதிட்டேன்னு எழுதினவரே பேட்டியில சொல்லிட்டாரு." சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானைத் துணிக்கு வெளியே தள்ளுகிறாள். தையல்காரி கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை இறுக்கிப் பிடிக்கிறாள். "தீக்குப் போறப்ப கவுன் தரையில புரண்டுச்சுன்னு அவர்தானே எழுதியிருக்காரு? ராணிக்கு அளவெடுத்துத் தைச்ச கவுன் ராணிக்கே எப்படிப் புரளும்? எரிஞ்சது அவ இல்ல, அவ கவுனைப் போட்டுக்கிட்டுப் போன அவளோட குட்டைத் தோழி." "எழுதினவரே சொல்றாரு அண்ணி!" "அவரு மறந்தா மறக்கட்டும். அதுக்காக நான் அவளைச் சாகவிடணுமா?" பொத்தானை எடுத்து அரியணையில் வைக்கிறாள். ஊசியில் நூல் கோத்து, துணியோடு சேர்த்துத் தைக்கத் தொடங்குகிறாள். "ஐயோ அண்ணி, அது கஸ்டமர் துணி!" ஊசி நிற்பதாக இல்லை.