பழைய ஃபிரிட்ஜில் ஓர் அலமாரி

செராஸ் புறநகர் அடுக்குமாடி ஃபிளாட்டில், யாரோ வீசிய பழைய ஃபிரிட்ஜைத் தூக்கி வந்து, நீல பெயிண்ட் அடித்துத் துணி அலமாரியாக்கியிருக்கிறான் முகுந்தன். பிற்பகல் வெயில் அதன்மேல் பளபளக்கிறது. ஐந்து வயது மகள் சரளாவைக் காணோம். மாடிப்படியெல்லாம் தேடிவிட்டு வரும் மனைவி தெய்வானை, தரையில் குவிந்து கிடக்கும் துணிகளைப் பார்த்து அலறுகிறாள். "ஏங்க, அலமாரித் துணியெல்லாம் வெளியில கெடக்கு!" முகுந்தன் பாய்ந்து ஃபிரிட்ஜ் கதவை இழுக்கிறான். உள்ளிருந்து திறக்க முடியாத அந்தக் கைப்பிடி வெளியிலிருந்தும் அசைய மறுக்கிறது. தெய்வானை உரக்கப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டுக் கதவில் காதை வைக்கிறாள். சத்தமே இல்லை. "சீக்கிரம்லா, ஒடைங்க!" அவன் உளியைச் செருகி நெம்புகிறான். கதவு திறந்ததும், வியர்வையில் நனைந்த குழந்தை அவன் மார்பில் சரிந்து, மூச்சை இழுத்து இழுத்து வாங்குகிறாள். "எவ்ளோ கத்தினேன்பா... ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?" தெய்வானை கை நீட்டுகிறாள். முகுந்தனால் குழந்தையை விட முடியவில்லை.